வர்க்கமூலத்தில் மாட்டிய சாய்வு நாற்காலி

இந்த வீட்டில் இனி டியூஷன் நடக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை மாலை முடிவெடுத்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டு முடிவெடுக்கும் வழக்கம் எனக்குக் கல்யாணத்தோடு நின்றுவிட்டது.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலில் இருப்பவன். எட்டு மணி நேரம் ஊரார் குழாய்களின் குறையைக் கேட்டுவிட்டு வருகிறவனுக்கு வேண்டியதெல்லாம் ஹாலில் கிடக்கும் தன் சாய்வு நாற்காலிதான். நான் வரும்போது அதில் இரண்டு பெண் குழந்தைகள் இருப்பார்கள். தரையில் இன்னும் ஐந்து பேர். கரும்பலகை முன்னால் என் மனைவி. நான் சமையலறையில் காலி கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து டீ குடிப்பேன்.

சொல்லியும் பார்த்தேன். பிள்ளைகள் தாங்களாக நின்றால் சரி, நானாக அனுப்ப மாட்டேன் என்றாள். போதும், எனக்கு வழி கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை அவள் அக்காவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. வகுப்பை நான் எடுக்கிறேன் என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ரூட்டுக்குள்ள எக்ஸ் இருக்கும். அதைக் கழிக்கணும். வருமா?"

"கழிக்கிறதுதானே?"

ஐந்து கணக்கு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திட்டம் சின்னது. தப்பாகச் சொல்லிக் கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் நோட்டெல்லாம் சிவப்பானால் அம்மாக்களே வேறு டியூஷன் தேடிக்கொள்வார்கள்.

முதல் கணக்கு √(50x) − √(18x). ஐம்பதில் பதினெட்டு போனால் முப்பத்திரண்டு. √(32x) என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். குழந்தைகள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள். மனசாட்சி லேசாக உறுத்தியது. நாற்காலியைப் பார்த்தேன், உறுத்தல் நின்றது. அதே பாணியில் இன்னும் மூன்று. எல்லாமே தப்பாக இருந்தால் சந்தேகம் வருமே என்று ஐந்தாவதை மட்டும் ஒழுங்காகப் போட்டேன். √(9x) − √x. ஒன்பதை வெளியே எடுத்தால் 3√x. அதில் √x போனால் மிச்சம் 3.

மறுநாள் வீடு திரும்பினால் ஹாலில் ஒரே சிரிப்பு. பலகையில் 'மாமா கணக்கு' என்று தலைப்பு. எப்போதும் தூங்கி வழியும் ரெட்டைச் சடைப் பெண் சாக்பீஸோடு நின்று என்னைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாள். எக்ஸ் இரண்டு என்று வைத்தால் ரூட் நூறு பத்து, ரூட் முப்பத்தாறு ஆறு, மிச்சம் நாலு. மாமா கணக்குப்படி ரூட் அறுபத்துநாலு, அதாவது எட்டு. நாலு எங்கே, எட்டு எங்கே என்றாள். பிறகு ஐம்பதை இருபத்தைந்தும் இரண்டுமாக உடைத்தாள், பதினெட்டை ஒன்பதும் இரண்டுமாக. 5√(2x)-இல் 3√(2x) போனால் 2√(2x).

மனைவி சமையலறைக்கு வந்தாள். ரூட்டை ஒரே மாதிரி ஆக்கிவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்று மூன்று வாரமாகச் சொல்லியும் ஏறாதது, என் தப்பைத் தேடியதில் ஒரே நாளில் ஏறிவிட்டதாம். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் சேருகிறார்களாம். தினமும் மாமாதான் ஐந்து கணக்குப் போட வேண்டுமாம்.

வேறு வழியில்லை. வேண்டுமென்றே செய்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். நாற்காலிக்காகன்னும் தெரியும். தெரிஞ்சுதான் சாக்பீஸைக் கொடுத்துட்டுப் போனேன்."

"தினமும் அஞ்சு தப்பு யோசிச்சுப் போட என்னால ஆகாது. ஒரு நாளைக்கு நாலு போட்டதுக்கே மண்டை காஞ்சுபோச்சு."

"நாலா? அஞ்சாவது?"

"அது சரியான விடை."

அவள் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூணு நாற்காலியில ஒரு நாற்காலியை எடுத்தா?"

"ரெண்டு நாற்காலி."

"மூணு ரூட் எக்ஸ்ல ஒரு ரூட் எக்ஸை எடுத்தா?"

நான் விரல்விட்டு எண்ணினேன், ரெண்டு ரூட் எக்ஸ் வந்தது. பலகையில் நான் போட்டது வெறும் மூன்று.

"நீங்க எதையும் யோசிக்க வேண்டாங்க. ஒழுங்காவே போடுங்க. அதுவே எங்களுக்குப் போதும்."