நூறு வயதுக்குச் சாட்சி

"பார்த்தாலே தெரியுது சார், நூறு வயசுக்கு மேல இருக்கும். அப்படியே எழுதிடறேன்," என்று பேனாவைத் திறந்தார் பொறியாளரம்மா.

நூறு நிறைந்திருந்தால் அந்தப் பழைய கோர்ட்டுக் கட்டடம் பாதுகாப்புப் பட்டியலில் சேரும். இல்லையென்றால் அடுத்த மாதம் இடிப்பு. கும்பிடு போட்டு வழியனுப்பியிருக்க வேண்டிய தலைமை எழுத்தருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முப்பத்திரண்டு வருட உத்தியோகம் அப்படி.

"ஆதாரம் இல்லாம எழுதினா நாளைக்கு எவனாவது ஆட்சேபம் பண்ணுவான் மேடம். அடிக்கல் இருக்கு. ரெக்கார்டு ரூம் பீரோவுக்குப் பின்னாடி."

பீரோ அசையவில்லை. பாரத்தைக் குறைக்கலாமென்று மேல்தட்டு வழக்குக் கட்டுகளை இழுத்தார். மொத்தமும் சரிந்து அவரையே மூடியது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவையும் கூப்பிட்டு மூவருமாகத் தள்ளியதில் பீரோவின் கால் ஒடிந்தது. அது போய்க் கதவு நிலையில் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டது.

"இப்ப எப்படி சார் வெளிய போறது?"

"முதல்ல கல்லைப் பார்த்துடுவோம் மேடம்."

கல்லின்மேல் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. சாவிக்கொத்தால் சுரண்டச் சுரண்ட அவர் மனம் பின்னால் ஓடியது. வேலைக்குச் சேர்ந்த அன்று தேக்கு உத்தரங்களை அண்ணாந்து பார்த்தபடியே படியில் தடுக்கி விழுந்தது. மதியத்தில் வண்ணக் கண்ணாடி வழியாக நீதிபதியின் மேசையில் விழும் சிவப்பு வெளிச்சம். ஒரு பேரைக் கூப்பிட்டால் தாழ்வாரம் மூன்று தடவை திருப்பிக் கூப்பிடுவது. வீட்டைவிட இங்கேதான் அதிகம் வாழ்ந்திருந்தார். இதை இடித்துவிட்டால், ஓய்வு பெற்ற பிறகு வந்து உட்கார அவருக்கு இடமே இல்லை.

வருடம் தெரிந்தது. பொறியாளரம்மா கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார்.

"தொண்ணூத்தொன்பது, சார்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மனிதர் கட்டுகளின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க பார்க்கலைன்னு வச்சுக்குங்களேன் மேடம்." வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஆதாரத்தை மறைக்கச் சொன்னார்.

"பார்த்துட்டேனே சார். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு வருஷம் குறையுதே, நான் என்ன செய்ய?"

பெருக்குகிற அம்மா சேலையில் படிந்த தூசியை நிதானமாகத் தட்டினார்.

"இடிக்கக் கூடாதுன்னு இங்கேயே ஒரு கேஸைப் போடுங்க ஐயா. என் வேலித் தகராறுக்கு இருபத்திரண்டு வருஷமா வாய்தா கொடுக்கறீங்க, இதை ஒரு வருஷம் இழுக்க மாட்டீங்களா?"