எதிர்வீட்டில் இறங்க வேண்டிய பாடி

இனிமேல் இந்த வீட்டில் எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. ஒருமுறை உரக்கச் சொல்லியும் பார்த்தேன். மனைவி வேலைக்குக் கிளம்பிப் போய், கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான்.

சொன்ன சூட்டோடு கேமராக் கடைக்கு போன் போட்டேன்.

நான் லிஃப்ட் பரிசோதகன். நாள் முழுக்க மேலே போகிறேன், கீழே வருகிறேன். இத்தனை வருஷத்தில் எங்கேயும் போய்ச் சேரவில்லை. லிஃப்டுக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை, கவனித்திருப்பீர்கள். கதவுக்கு மேலே மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் மகள் வேலை கிடைத்து வேறு தேசத்துக்குப் போன பிறகு எங்கள் வீடும் அப்படி ஆகிவிட்டது. பார்க்க எண் இல்லாததால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தோம்.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்பாள். காலையில் மட்டும்தான் வேலை, மதியம் வீடு திரும்பிவிடுவாள். ஊரில் யாருக்கு எவ்வளவு கேட்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வீட்டில் நான் பேசினால் அவளும் ஒரு பட்டனை அழுத்துவாள். டிவி பட்டனை.

மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "அப்பா, நல்லாருக்கீங்களா? அம்மாகிட்ட குடுங்க." நல்லாருக்கேன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போன் கைமாறிவிடும். ஆக, நான் நல்லாயிருக்கிறேனா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

அதனால் எனக்கு ஒரு துணை தேவைப்பட்டது. வேறு மாதிரி நினைக்காதீர்கள். மிரர்லெஸ் கேமரா. உள்ளே கண்ணாடியே கிடையாது. என் வயதில் கண்ணாடி இல்லாத எதையும் வரவேற்கத்தான் வேண்டும்.

மாடல் புத்தம் புதிது. அறிவிப்பு வந்துவிட்டது, சரக்கு இன்னும் கடைக்கு வரவில்லை. அதைப் பற்றிய வீடியோக்களில் ஒருவர் பேசுவார். முகத்தைக் காட்டமாட்டார், கைகள் மட்டும் தெரியும். சாயங்காலங்களில் அந்தக் கைகளோடுதான் எனக்குப் பழக்கம். கைப்பிடி ஆழமாம். நடுவிரல் போய் உட்கார ஒரு பள்ளமாம். கட்டைவிரலுக்கு ஒரு சக்கரம், ஆள்காட்டி விரலுக்கு ஒரு சக்கரம். பழைய மாடலில் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அந்தரத்தில் தொங்குமாம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. என் வீட்டில் நான்தான் சுண்டுவிரல். புது மாடலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மனைவியிடம் ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் பரணில் ஒரு கிடார் படுத்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு தூண்டில். இரண்டும் என் பழைய ஆசைகள். மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் திட்டமாட்டாள். "பரண்ல இடம் இல்லைங்க" என்பாள். அது திட்டைவிட மோசம்.

காத்திருக்கும் நாளை வீணாக்குவானேன் என்று கை பழக ஆரம்பித்தேன். உதிரிபாகம் வந்த பெட்டியிலிருந்து ஒரு மரக்கட்டையை அறுத்தேன். கைப்பிடிக்கு ரப்பர் சுற்றினேன். பாட்டில் மூடிகளை ஆணியடித்துச் சக்கரங்கள் ஆக்கினேன். முன்னால் ஒரு சின்ன டம்ளரை ஒட்டினேன், அதுதான் லென்ஸ். எடை சரியாக வர, அடியில் நட்டும் போல்ட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, இடது உள்ளங்கையில் டம்ளரைத் தாங்கி, மூச்சைப் பிடித்து, ஜன்னலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க அது?"

"லிஃப்ட் பார்ட்."

"லிஃப்ட் பார்ட்டை எதுக்குக் கண்ணுல வச்சிருக்கீங்க?"

"லெவல் பாக்குறேன்."

"டம்ளர் நம்ம வீட்டு டம்ளர் மாதிரி இருக்கே?"

"கம்பெனியிலயும் டம்ளர் இருக்கும்ல!"

அவள் ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "அதுல நான் தெரியறேனா?"

"தெரியலை. கொஞ்சம் நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

நகர்ந்தாள். உள்ளே போய் டிவி போட்டாள். கட்டை விஷயம் இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

சரக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடையில் போனை எடுக்கும் பெண்ணோடு மனைவியிடம் பேசியதைவிட அதிகம் பேசிவிட்டேன். அவளும் "சாப்பிட்டீங்களா சார்" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கேமரா ஆட்களின் பாஷையில், லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு 'பாடி' என்று பெயர். லென்ஸை நான் முன்பே வாங்கி ஆபீஸ் பீரோவில் ஒளித்துவைத்திருந்தேன். எனவே ஒரு காலை, குளியலறையில் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கிசுகிசுத்தேன்.

"பாடி எப்பம்மா வரும்? ... பாடி மட்டும் போதும். ... வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. எதிர்வீட்டுல இறக்கிடுங்க. என் மனைவிக்குத் தெரிஞ்சா பெரிய பிரச்சினை ஆயிடும்."

துண்டோடு வெளியே வந்தேன். மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"யாரு செத்தது?"

"செத்ததா? யாரும் சாகலையே!"

"எதிர்வீட்டுல பாடி இறங்குதுன்னீங்க?"

"லிஃப்ட் பாடி!" என்றேன். "புது லிஃப்ட். அதோட பாடி."

"முழு லிஃப்டும் எதிர்வீட்டுக் கூடத்துல கொள்ளுமா?"

"மடிச்சு வரும்."

"ஓ" என்றாள். குழாய்ச் சத்தத்தில் எப்படிக் கேட்டது என்று எனக்குக் குழப்பம். அவளே சொன்னாள். "இரைச்சலுக்கு நடுவுல பேச்சு கேக்குதான்னு பாக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

எதிர்வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தனி ஆள். பேசும்போதே வலதுகால் பிரேக்கைத் தேடும். "கவலைப்படாதீங்க சார், பார்சல் வந்தா வாங்கி வைக்கிறேன்" என்றார். ஆனால் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் கேமரா முதலில் என் கைக்குத்தான் வரவேண்டும். பார்சல் வரும் நாளில் லீவு போட்டேன். வழக்கம்போல உடுத்தி, மனைவியிடம் "வர்றேன்" சொல்லி, படியிறங்கி, அவளும் கிளம்பிவிட்ட பிறகு மேலே ஏறி எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டார்.

அடுத்தவர் வீட்டில் தனியாகக் காத்திருப்பது ஒரு தினுசான தனிமை. எதையும் தொட முடியாது. ஒற்றை நாற்காலி, ஒற்றைத் தட்டு, கொடியில் ஒற்றைச் சட்டை. இந்த மனிதர் சாயங்காலம் என்னதான் செய்வார் என்று யோசித்தேன். நான் செய்வதைத்தான் செய்வார் என்று தோன்றியதும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். கதவு ஓட்டையில் கண் வைத்து என் வீட்டுக் கதவைப் பார்த்தேன். இருபது வருஷமாக அதற்குள் போய்வருகிறேன், வெளியிலிருந்து நின்று பார்த்ததில்லை. யாரோ நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிற வீடு மாதிரிதான் இருந்தது.

மதியம் மனைவி வந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்தது. பெட்டியோடு ஓர் ஆள். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அவன் திரும்பி நின்று என் வீட்டு மணியை அடித்தான்.

"டேய், இங்கடா!" என்று கத்த முடியுமா? நான் ஆபீசில் அல்லவா இருக்கிறேன்! மனைவி வந்தாள். கையெழுத்துப் போட்டாள். என் கேமராவை என் மனைவி என் வீட்டுக்குள் கொண்டுபோவதை அடுத்தவர் வீட்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைச் சாத்துமுன் அவள் நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். அந்த ஓட்டைக் கண்ணாடியில் எல்லாமே வீங்கித்தான் தெரியும். அவள் சிரிப்பு மட்டும் அளவாகத் தெரிந்தது.

ஆபீஸ் முடியும் நேரம்வரை பசியோடு அங்கேயே கிடந்தேன். பிறகு கீழே போய் மேலே வந்தேன். அதுதான் எனக்குப் பழகிய வேலையாயிற்றே.

"ரொம்ப வேலையா இன்னிக்கு?" என்றாள்.

"ஆமா. நாள் பூரா ஒரு கதவுகிட்டயே நின்னுட்டேன். திறக்கவே இல்லை."

"அடப்பாவமே. நீங்க தட்டிப் பாத்திருக்கலாமே?"

அவ்வளவுதான். பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டால் மாட்டிக்கொள்வேன். கேட்காவிட்டால் கேமரா இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் வீட்டைத் துழாவினேன். பரணில் ஏறினேன். கிடார் இருந்தது, தூண்டில் இருந்தது. கடைசியில் ஒரு நாள், அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, மகளின் அறையில், கட்டிலுக்குப் பின்னால், சுவரில் ஒரு பச்சை விளக்கு மினுக்கியது. சார்ஜர். பேட்டரி சார்ஜ் ஆகிறது என்றால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தீர்ந்திருக்கிறது என்றால்?

கூடத்துக்கு ஓடினேன். "என் கேமராவை நீ யூஸ் பண்றியா?"

"வந்துட்டீங்களா வழிக்கு" என்று டிவியை அணைத்தாள். "கடையிலேருந்து உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. லிஃப்ட் குழிக்குள்ள சிக்னல் இல்லை. நீங்க குடுத்த இன்னொரு நம்பருக்குக் கூப்பிட்டாங்க. அது என் நம்பர். பாடியை நம்ம வீட்டுலயே இறக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்."

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தப் பெண் இன்னொரு நம்பர் கேட்டபோது யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். வேறு யாருடைய நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியும்?

"ஆனா லென்ஸ் இல்லாம எப்படி?"

"பார்சல் வர்றதுக்கு முந்தின நாளே உங்க ஆபீஸ்ல கேட்டேன். பீரோவில இருந்துச்சுன்னு குடுத்தனுப்பினாங்க."

கேமராவைக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தாள். கொடுக்கவில்லை, பிடித்துக்கொண்டே படங்களைத் தள்ளிக் காட்டினாள். முதல் படம், எதிர்வீட்டு வாசல். கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ. என் ஷூ. ஆளை உள்ளே ஒளித்துவிட்டு ஷூவை வெளியே விட்டிருக்கிறேன். கயிற்று முடிச்சுகூடத் துல்லியம்.

அடுத்தது, மகளின் கட்டில்மேல் வெயில். அதே கட்டில், வெயில் கொஞ்சம் நகர்ந்து. இன்னும் நகர்ந்து. மேசைமேல் ஒரு கோப்பை. பிறகு எங்கள் மாடி லிஃப்ட், கதவுக்கு மேலே எண்.

"லிஃப்டை ஏன் எடுத்த?"

"மதியத்துல அந்த நம்பர் ஏறும். நம்ம மாடிக்கு வருதான்னு பாப்பேன். தாண்டி மேல போயிடும்." படத்தில் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "ஊர்ல இருக்கிற எல்லா லிஃப்ட்லயும் நீங்க இருக்கீங்க. இதுல மட்டும் இல்லை."

இந்த மதியங்களை நான் பார்த்ததே கிடையாது. என் வீட்டில்தான் நடந்திருக்கின்றன.

"அன்னிக்குக் கேட்டேனே, அதுல தெரியறேனான்னு" என்றாள்.

"அது மரக்கட்டைம்மா. அதுல யாருமே தெரிய மாட்டாங்க."

"எனக்கும் தெரியும் அது மரக்கட்டைன்னு. தெரியறேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டபோது "அப்புறம் பேசறோம், வெளியில கிளம்பறோம்" என்றாள் மனைவி. ரெண்டு பேருமா என்று மகள் ரெண்டு தடவை கேட்டாள். ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். பை என் தோளில், கேமராவை நிறுத்தும் முக்காலி என் கையில், கேமரா அவள் கழுத்தில். படகை எடுத்தாள், பாலத்தை எடுத்தாள், முக்காலியைச் சுமக்கிற என்னை எடுத்தாள். நடுவிரல் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. சுண்டுவிரல் தொங்கவில்லை. எல்லாம் அவளுடைய விரல்கள்.

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கேட்டேன். "நான் உன்னை ஒரு படம் எடுக்கட்டுமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் கையை நீட்டினேன். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். மூச்சைக்கூடப் பிடித்துவிட்டேன்.

"தாராளமா எடுங்க" என்று தன் செல்போனை என் கையில் வைத்தாள். கேமராவை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, தலையைச் சாய்த்து நின்றாள். "நான் படம் எடுக்கிற மாதிரி எடுங்க."

எடுத்தேன். ஓடிவந்து வாங்கிப் பார்த்தாள்.

"கேமரா ரொம்ப நல்லா விழுந்திருக்குங்க. ஆனா என் தலையைக் காணோமே?"