வடசட்டியில் வெந்த புல்லி

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். இன்ஜின்ல புல்லியை மாட்டணும்.

எழுபதுகள்ல நடந்தது. மரக்காணத்துல எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம். அதுக்குத் தண்ணி இறைக்க ஒரு டீசல் இன்ஜின். ஆயில் ஒழுகுதுன்னு அதை மாட்டுவண்டியில ஏத்தி ஊட்டுக் கொல்லையில கொண்டாந்து எறக்கி, மெக்கானிக் கோதண்டத்தைக் கூப்பிட்டேன். பெல்ட் ஓடுற புல்லியைக் கழட்டினான். ஆயிலை அடைக்கிற ரப்பர் சீல் ஒண்ணை மாத்தினான். அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

அப்புறம் சம்மட்டியைத் தூக்கினான்.

"இன்னாத்துக்குப்பா அது?"ன்னேன்.

"புல்லி இறுக்கமா உக்காரணும் இல்ல? ரெண்டு போடு போட்டா தானா ஏறும்."

"போன தபா நீ போட்ட ரெண்டு போடுலதான் பழைய புல்லி வெடிச்சுது!"

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அது நம்ம ஜாதகத்துலயே கிடையாது.

"அப்ப நீயே மாட்டிக்க! சாயந்தரம் வந்து பாக்குறேன்"னு சொல்லிட்டு, கழட்டுற கருவி, சம்மட்டி எல்லாத்தையும் சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போயிட்டான்.

என் சம்சாரம் செங்கேணி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னா.

"பாத்தியில மூணு நாளா தண்ணி ஏறல. இருக்கிற தண்ணி சுண்டிடுச்சுன்னா உப்பு கசந்துபுடும். ரெண்டு மாசமா வெயில்ல மிதிச்சு வாரினது நானு. சாயந்தரத்துக்குள்ள தண்ணி பாயலேன்னா அந்தக் கசப்பு உப்பைத்தான் உங்களுக்குச் சோத்துல போடுவேன்."

செய்வா. சொன்னதைச் செய்யற ஆளு அவ.

நான் பயப்படல. என் கிட்ட புஸ்தகம் இருந்துது! இன்ஜினோட வந்த சின்ன புஸ்தகம். அதுல தெளிவா போட்டிருந்துது: புல்லியை அடிக்கக் கூடாது. எண்ணெயில போட்டுக் காயவெச்சா ஓட்டை விரியும். புல்லி ஏறுற இரும்புத் தண்டு, அதான் ஷாப்டு, அதைக் குளிர வெச்சா சுருங்கும். ரெண்டும் சேர்ந்தா புல்லி வழுக்கிக்கிட்டுப் போய் உக்காந்துக்கும்.

"எண்ணெய் எங்க?"ன்னா செங்கேணி.

"உன் கிட்ட."

"சட்டி?"

"அதுவும் உன் கிட்டதான்."

முறைச்சா. ஆனா தீவாளிக்கு முறுக்கு சுடுற பெரிய இரும்பு வடசட்டியை எறக்கினா. கிரீஸ் புடிச்ச சாமான் என் சட்டியில எறங்கக் கூடாதுன்னு, புல்லியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா பாருங்க, அது சாமி பாத்திரம் மாதிரி ஆயிடுச்சு. மல்லாட்டை எண்ணெயை, அதான் கடலெண்ணெயை ஊத்தி விறகடுப்புல ஏத்தினா.

ஷாப்டைக் குளிர வைக்க ஐஸ் வேணும். அனுமந்தையில மீனுக்குப் போடற ஐஸ் கிடைக்கும். சைக்கிளை மிதிச்சுப் போய் ஒரு பாளம் வாங்கி, மரத்தூள் போட்டுச் சாக்குல சுத்தி, சைக்கிள் பார்ல வெச்சு வயித்தோட அணைச்சுக்கிட்டு வந்தேன். சித்திரை வெயில். வழியெல்லாம் உருகி, வேட்டி முன்பக்கம் சொதசொதன்னு ஆயிடுச்சு. எதிர்ல வந்தவன் ஒருத்தன் என் வேட்டியைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சான்.

மிச்ச ஐஸைக் கழுவி, உடைச்சு, நம்ம உப்பையே அள்ளிப்போட்டு, ஷாப்டைச் சுத்திச் சாக்குல கட்டினேன். உப்பு சேர்ந்தா ஐஸுக்குக் குளிர்ச்சி கூடும். உப்பளக்காரனுக்கு இது கூடத் தெரியாதா! எனக்கே என்னைப் பாத்துப் பெருமையா இருந்துது.

அப்பத்தான் வாசல்ல குரல் கேட்டுது.

"தங்கச்சி! தெருமுனையிலயே எண்ணெய் வாசனை தூக்குது! நாங்க வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

செங்கேணியோட அண்ணன் ஏழுமலை. இரும்பையிலேர்ந்து பொண்டாட்டியோட வந்து நிக்கிறாரு.

"மச்சான், அது வந்து, இன்ஜினுக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். செங்கேணி என் காலை மிதிச்சு, அடுப்புப் பக்கம் இழுத்துட்டுப் போனா.

"பொறந்த ஊட்டுலேர்ந்து வந்திருக்காங்க. எண்ணெய் காயுது. ஒண்ணும் சுடலேன்னு சொன்னா என் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"உள்ள புல்லி இருக்குதுடி!"

"அது பாட்டுக்கு அடியில கெடக்கட்டும். ஓரமா ரெண்டு ஈடு எடுத்துடறேன்."

கடலைமாவு, வெங்காயம், பச்சமொளகா. புல்லி மேலயே பக்கோடா மிதக்குது! மச்சான் தட்டு தட்டா உள்ள தள்ளுறாரு. "அடடா, இன்னா மொறுமொறுப்பு!"ன்னு வேற சொல்றாரு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

ரெண்டாவது ஈடு முடிஞ்சுது. "இப்பத்தான் நேரம்!"னு கொல்லைக்கு ஓடி, ஷாப்டுல கட்டின சாக்கைப் பிரிச்சேன்.

ஐஸைக் காணோம்!

"மச்சான்! இங்க இருந்த ஐஸ் எங்க?"

"மோருல போட்டுக்கிட்டோம் மாப்ளே. நீங்க கெட்டிக்காரரு! ஐஸ்லயே உப்பு போட்டு வெச்சிருக்கீங்க. தனியா போட வேண்டிய வேலையே இல்ல."

சரி, இருக்கிற சூடு போதும்னு ஓடிப்போய், புல்லியைக் கம்பியால தூக்கினேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மச்சான், சாக்கை நாலா மடிச்சுப் புடிச்சு ஷாப்டு முன்னாடி கொண்டாந்துட்டோம்.

"தள்ளுங்க மச்சான்!"

போவல.

"இன்னும் தள்ளுங்க!"

போவல. மச்சான் குனிஞ்சு பாத்தாரு.

"மாப்ளே, ஓட்டையில இன்னாமோ வெந்திருக்குது."

பக்கோடா! ஓட்டைக்குள்ளயே விழுந்து, ஊதி, அளவெடுத்தாப்புல உக்காந்துக்கிச்சு! நான் குச்சியைத் தேடி ஓடி, குத்தி எடுத்து முடிக்கிறதுக்குள்ள புல்லி ஆறிப்போச்சு. அந்தப் பக்கோடாவையும் மச்சான் வாயில போட்டுக்கிட்டாரு.

ஐஸ் போச்சு, சூடு போச்சு. அவ ரெண்டு மாசம் மிதிச்ச உப்பு கசக்கப் போவுது. எல்லாம் என் வாயால. அப்படியே கொல்லையில குந்திட்டேன்.

"எழுந்திருங்க"ன்னா செங்கேணி. "ஐஸ் இல்லாட்டி இன்னா? புல்லியை இன்னும் கொஞ்சம் காயவெச்சா போச்சு."

"எவ்ளோ சூடுன்னு புஸ்தகத்துல இருக்குது. அளக்கிறதுக்கு நம்ம கிட்ட கருவி இல்லியேடி!"

"புஸ்தகத்தை மூடுங்க."

புல்லியைத் திரும்ப எண்ணெயில எறக்கி விறகைத் தள்ளினா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு சொட்டு மாவை ஓரமா விட்டா. அது அடியில போய் ஆடி அசைஞ்சு மேல வந்துது.

"இன்னும் காயல."

மறுபடியும் விறகு. மறுபடியும் ஒரு சொட்டு. இந்தத் தபா விட்ட உடனே சொய்ய்னு மேல துள்ளிச்சு.

"எடுங்க! ஓட்டையைப் பாத்து எடுங்க!"

பாத்தோம். எதுவும் வேகல. தூக்கினோம், ஓடினோம், வெச்சோம்.

சொளக்!

ஒரே வழுக்கு! போய் உக்காந்துக்கிச்சுங்க! மூச்சு விடறதுக்குள்ள இறுகிடுச்சு. நானும் மச்சானும் கட்டிப்புடிச்சுக்கிட்டு கொல்லையில ஆடின ஆட்டத்துல கோழியெல்லாம் கூரை மேல ஏறிடுச்சு.

பொழுது சாயறதுக்குள்ள இன்ஜினை உப்பளத்துல எறக்கி ஸ்டார்ட் பண்ணோம். தண்ணி பாத்தியில பாயுது. செங்கேணி பாத்தி ஓரத்து உப்பை ஒரு கல்லு எடுத்து நாக்குல வெச்சா. "கசக்கல"ன்னா. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துது.

சொன்ன மாதிரியே கோதண்டம் வந்தான். புல்லியைச் சுத்திச் சுத்திப் பாத்தான். ஒரு அடி கூட விழாத புல்லி.

"யாரு மாட்டினது?"

செங்கேணியைக் காட்டினேன்.

"சூடு சரியா இருக்குதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பக்கோடா மேல வந்துது"ன்னா அவ.

என் பக்கம் திரும்பினான். "நீ இன்னா பண்ணினே?"

"மோருக்கு ஐஸ் வாங்கியாந்தேன்."

அதுலேர்ந்து கோதண்டம் எங்க புல்லி வேலைக்கு வந்தா, பையில சம்மட்டி இருக்குதோ இல்லியோ, கடலைமாவு இருக்கும்.

வெங்காயம் உரிக்கிறது மட்டும் என் வேலை.