ஒளிவேந்தரின் பாதி மீசை

ஒளிவேந்தரின் மீசையில் பாதி உரிந்து பூங்கோதையின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி இன்னும் சோலார் பலகையில்தான் இருந்தது. அவள் தேங்காயெண்ணெய் தடவி ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கீழே கதவு இடிபட்டது.

"திருமுகப் பாதுகாப்புத் துறை! கதவைத் திற!"

பதினாறு வயதுப் பூங்கோதை ஸ்பூனை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒளித்தாள். மொட்டைமாடியில் இருந்த நான்கு பலகைகளில் மூன்றை அவள் அம்மா தையல்நாயகி முன்பே உரித்து முடித்திருந்தாள். நான்காவது இவள் கைவேலை. திருமுகத்தை, அதாவது வேந்தரின் படத்தை, உரித்தவருக்கு ஆயுள் சிறை. உரித்த வீட்டின் பலகைகள் பறிமுதல். பலகைகள் போனால், கீழே கட்டிலில் ஆக்சிஜன் மிஷினோடு படுத்திருக்கும் அப்பாவின் மூச்சும் போய்விடும்.

கோடைக்கோட்டை நாட்டில் வருடத்துக்குப் பதினோரு மாதம் வெயில். அந்த வெயிலைத் தந்தவர் தாமே என்று ஒளிவேந்தர் அடக்கத்தோடு அறிவித்திருந்தார். போன தேர்தலுக்கு முன் வீட்டுக்கு நான்கு பலகைகள் இலவசமாகவும் தந்தார். தந்தவர் யார் என்று சூரியனுக்கும் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு பலகையின் நடுவிலும் அவர் படம் ஒட்டப்பட்டது.

மின்சாரம் பாதியானது. மக்கள் முறையிட்டார்கள். அமைச்சரவை மூன்று நாள் ஆராய்ந்து, படம் சிறியதாக இருப்பதே குறை என்று கண்டுபிடித்துப் பெரிதாக்கியது. விளக்குகள் மினுக்மினுக்கென்றன. ஈரத்துணியால் துடைத்தால் வேந்தர் முகத்தில் அழுக்கு உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் அடுத்த ஆணை துடைப்பதைத் தடை செய்தது. புழுதி படிந்தது. அதன் பிறகு, எந்தப் பலகையும் அரண்மனைக்கு முதுகு காட்டக் கூடாதென்று தெற்கு பார்த்தவற்றையெல்லாம் வடக்கே திருப்பச் சொன்னார்கள். நாடு இருண்டது. ஒத்துழைக்காத காரணத்தை விளக்கும்படி சூரியனுக்கு ஓலை அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை.

தையல்நாயகி இருபது வருடம் அதே மாடியில் அப்பளம் காயவைத்தவள். எத்தனை மணிக்கு எந்த நிழல் எங்கே விழும் என்பது அவளுக்கு அத்துப்படி. "ஒரு அப்பளத்துல நெழல் விழுந்தா அது ஒண்ணுதான் நமுத்துக் கெடக்கும். இது அப்படி இல்லடி. ஒரு ஓரத்துல விழுந்தாலும் மொத்தப் பேனலும் சுணங்கிப்போவுது" என்று ஒருநாள் மகளிடம் சொன்னாள். அன்றுதான் வேலையைத் தொடங்கினாள். விடிகாலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது துடைத்தாள். செங்கல் முட்டுக்கொடுத்துப் பலகைகளைத் தெற்கே சாய்த்தாள். நாலு மணிக்கு நிழல் தரும் முருங்கைக் கிளையை வெட்டினாள். மோட்டார், கிரைண்டர் எல்லாம் உச்சிவெயிலில்தான் ஓடும். பேட்டரியில் சேர்ந்தது முழுக்க மிஷினுக்கு. கடைசியாகத்தான் வேந்தரின் படங்களில் கை வைத்தாள். மூன்று மணி நேரத்தில் நின்றுவிடும் மிஷின் இப்போது விடியும்வரை ஓடியது. பள்ளிக்கூடம் போகாத அம்மாவை அரண்மனையின் அத்தனை பொறியாளர்களுக்கும் மேலே வைத்திருந்தாள் பூங்கோதை.

அதிகாரி பரமானந்தர் இரண்டு காவலர்களோடு மூச்சிரைக்க மாடிக்கு வந்தார். பின்னால் தையல்நாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள்.

"தெருவே இருண்டுகிடக்க இந்த இல்லத்தில் மட்டும் விளக்கு எரிவதாகப் புகார். திருமுகங்கள் எங்கே?"

பூங்கோதை கட்டைவிரலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அடியில இருக்காருங்க. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றாள் தையல்நாயகி.

பரமானந்தர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஒரு பலகையின் கீழே தவழ்ந்து நுழைந்தார். பலகையின் அடிப்பக்கத்தில் வேந்தர் குளுகுளுவென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன துணிச்சல் இது?"

"துணிச்சல் என்னங்க ஐயா? நாடாள்ற மகராசன், பொழுதுக்கும் வெயில்ல மல்லாந்து கெடக்காரு. காக்கா வேற மூஞ்சியிலேயே எச்சம் போடுது. தொடைக்கவும் கூடாதுன்னுட்டீங்க. பாத்துட்டு சும்மா இருக்க மனசு வருதா? அதான் நெழலுக்கு மாத்துனேன்."

அதிகாரி யோசித்தார். "பலகை தெற்கே பார்க்கிறதே. ஆணை என்ன சொல்கிறது?"

"கண்ணாடிதாங்க தெக்க பாக்குது. அடியில இருக்கிற மகராசன் வடக்க அரமனையத்தான் பாத்துட்டு இருக்காரு. வேணும்னா திரும்பிப் பாருங்க."

பரமானந்தர் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் அரண்மனைக் கோபுரம் நேராகத் தெரிந்தது. வெளியே வந்தவரின் கண் நான்காவது பலகையில் போய் நின்றது. "இவருக்கு ஏன் பாதி மீசை?"

பூங்கோதையின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "இவரு... நெழலுக்குப் போயிட்டு இருக்காருங்க. பாதி வழியில நீங்க வந்துட்டீங்க."

ஒரு காவலர் பொய்யாக இருமினார். பரமானந்தர் பலகையோரம் இருந்த மின்மானியைப் பார்த்தார். தம் பணிக்காலத்தில் அவ்வளவு பெரிய எண்ணை அவர் பார்த்ததில்லை. மறுபடி பலகைக்கு அடியில் போய் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்தார்.

"இதை ஏன் நீங்கள் முன்பே சிந்திக்கவில்லை என்று வேந்தர் எங்களைக் கேட்பார்" என்றார் கடைசியில். "ஆகவே இதைச் சிந்தித்தவர் வேந்தரே."

அந்த வாரமே திருநிழல் சட்டம் வந்தது. நாடெங்கும் வேந்தர் பலகைக்கு அடியில் போனார். விளக்குகள் எரிந்தன. ஆனால் யோசனை யாருடையது என்று ஜனங்களுக்குத் தெரியும். கூட்டம் கூட்டமாக வந்து துடைப்பதையும் சாய்ப்பதையும் தையல்நாயகியிடம் கற்றுக்கொண்டு போனார்கள். பலர் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. ஜனங்கள் கொண்டாடுகிறவளைத் தானும் கொண்டாட அரண்மனை முடிவு செய்தது. பரமானந்தர் ஒரு வண்டி நிறையப் படங்களோடு வந்தார். "பலகைகளின் மேல்பக்கம் காலியாக இருக்கிறது. அரசு தந்த பொருளில் காலியிடம் இருக்கலாகாது. விரும்பியோர் ஒட்டிக்கொள்ளலாம், கட்டாயமில்லை." எல்லாப் படங்களிலும் தையல்நாயகி சிரித்தாள்.

கட்டாயம் தேவைப்படவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒட்டி, மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

தையல்நாயகி பக்கத்து மாடிக்கு ஓடினாள். "பட்டம்மாக்கா, படத்த எடுத்துருங்கக்கா! ராசா நெழலோ எம் நெழலோ, பேனலுக்கு நெழல் நெழல்தான்க்கா!"

"கைய எடு தையலு! அந்த மொகத்துல நகம் பட்டுச்சுன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"அது எம் மொகம்க்கா!"

"இருக்கட்டுமே. இப்ப அது எங்க எல்லாருக்கும் பொதுவு."

தையல்நாயகி அடுத்த மாடிக்கு ஓடினாள், அதற்கடுத்த மாடிக்கும். எங்கேயும் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். படத்தைத் தொட மட்டும் விடவில்லை.

அவள் வீட்டுப் பலகைகளுக்கு இருப்பதிலேயே பெரிய படங்களைத் தெரு கூடி ஒட்டியிருந்தது. மறுநாள் மத்தியானமே மிஷின் கீக்கீக்கென்று எச்சரித்தது. அப்பா இருமும் சத்தம் மாடிவரை கேட்டது. பூங்கோதை அதே எண்ணெய்க் கிண்ணத்தோடும் அதே ஸ்பூனோடும் பலகையின் முன்னால் மண்டியிட்டாள். சுற்றியிருந்த மாடிகளில் எல்லாம் ஜனங்கள் இந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். அம்மாவை இத்தனை பேர் கும்பிடுகிறார்களே என்று அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வேந்தரின் மீசையில் கை வைத்தபோது பயப்பட ஒரு துறைதான் இருந்தது. அன்பாக நிற்கும் இத்தனை பேருக்கு எதிரே, அம்மாவின் சிரிப்பில் ஸ்பூனை எங்கே வைத்துத் தொடங்குவது?