டயருக்குப் பூசிய கறுப்பு

ஒரு காரைப் பளபளப்பாக்கப் போய் என்னையே கறுப்பாக்கிக்கொண்டவன் நான். இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, ரோஸ் ஹில் நகரத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். லாங் மவுண்டன் கிராமத்தில் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு வீட்டில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். (காரணம் சொல்லவில்லை. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.) இந்த முறை பஸ்ஸில் போய் இறங்கக் கூடாது என்று, பக்கத்து வீட்டு முசே லூயியின் வெள்ளைக் காரை இரவல் கேட்டேன்.

கார் சுத்தமாகத்தான் இருந்தது. டயர்கள் மட்டும் சாம்பல் பூத்திருந்தன. லூயி தன் கைத்தயாரிப்பு ஒன்றை டப்பாவில் கொடுத்தார்: பூட் பாலிஷை மண்ணெண்ணெயில் கரைத்து, கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் சேர்த்தது.

"துணியில தொட்டு, டயரோட பக்கத்துல மட்டும் லேசாத் தடவு. காஞ்சதும் வேற துணியால துடைச்சிடு. டிகிட், டிகிட்! கொஞ்சம்தான்!"

நான் துணியை விட்டுவிட்டுச் சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷை எடுத்தேன். மூன்று தடவை பூசினேன். தரையில் படும் பாகத்தையும் விடவில்லை. துடைக்கவும் இல்லை. போட்ட பளபளப்பை யாராவது துடைத்து எடுப்பார்களா?

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளம்பினேன். என்ன கேட்பார்கள், என்ன சொல்வேன் என்று கரும்புத் தோட்டங்களிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பெண் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். சக்கரங்களிலிருந்து கதவுகள் வரை தெறித்த, வால் முளைத்த கறுப்புப் பொட்டுகள். நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள் வெள்ளைக் காரில் நீந்திக்கொண்டிருந்தன.

"ஐயோ, காருக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

அதற்குள் பெண்ணின் அப்பா கேட்டைத் திறந்துவிட்டார். பொட்டுகளை மறைக்க, கதவோடு முதுகை ஒட்டி, சாவகாசமாகச் சாய்ந்து நின்றேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. எண்ணெய் காயவில்லை என்பது மூளைக்கு எட்டவில்லை.

எல்லோருக்கும் பின்னால் உள்ளே போன என்னை வெள்ளைப் பூவேலை விரிப்புப் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சற்று நகர்ந்தபோது என் தொடைக்குப் பக்கத்தில் விரிப்பில் ஒரு கறுப்புத் தீற்றல் தெரிந்தது. உடனே அதன்மேல் நகர்ந்து உட்கார்ந்தேன். இனி எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

"வாங்க தம்பி, சாமி கும்பிட்டுட்டு வந்து பேசுவோம்" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, இங்கேருந்தே கும்பிட்டுக்கிறேன்."

கைகூப்பிக் கண்ணை மூடினேன். நான் கும்பிட்ட திசையில் இருந்தது சமையலறை.

அம்மா என் காதருகில், "எழுந்திருடா!" என்றாள். நான் அசையவில்லை. பெண்ணின் அப்பா என் கால்களையே பார்த்தார்.

"தம்பி, கால்ல ஏதாவது குறையிருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"என் பிள்ளைக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு!" என்றாள் அம்மா.

"அப்ப ஒரு தடவை நிக்கச் சொல்லுங்க."

மூன்றாவது வீடும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது என் பின்பக்கத்து அறையிலிருந்து தேநீர்த் தட்டோடு, நான் பார்க்க வந்த பெண் பார்வதி வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, அவர் காலுக்கு ஒண்ணுமில்லே. முதுகைப் பாருங்க."

எழுந்து நின்றேன். விரிப்பும் தெரிந்தது, நானும் தெரிந்தேன். டப்பா, பிரஷ், துடைக்காதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "காரும் என்னது இல்லீங்க" என்று, யாரும் கேட்காததையும் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா போய்க் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. உடுத்திக்கொள்ளத் தன் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். பார்வதி மண்ணெண்ணெயும் பழந்துணியும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். அம்மாவும் அவள் அப்பாவும் வாசலில் நின்று பார்க்க, நாங்கள் இருவரும் தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தோம்.

"துடைக்கணும்னு அவர் சொல்லலையா?" என்று கேட்டாள்.

"சொன்னார்."

"அப்புறம்?"

"பளபளப்பு போயிடுமேன்னு..."

துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கடைசியில் டயர்களையும் அவளே காய்ந்த துணியால் துடைத்தாள். அளவான கறுப்பு, தொட்டால் கையில் ஒட்டவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தபோது முசே லூயி டயரைத் தடவிப் பார்த்து, "சொன்னபடியே செஞ்சிருக்கே" என்று என்னைப் பாராட்டினார்.

பார்வதியைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையை, உட்காரச் சொல்வதற்கு முன் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வார்கள். என் மகளைப் பார்க்க வந்த பையன் அது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து, பயபக்தியோடு கைகூப்பியபடி மூன்று சுற்று சுற்றினான்.