ஆபீசர் வந்த காதுகுத்து

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எழுப்பிவிட்டு, அதே ஊரில் தொடர்ந்து குடியிருப்பது சிரமம். நான் குடியிருக்கிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்து, போர்வெல் லாரியில் ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றி, கடைசியில் கீரனூர் பக்கம், விசேஷங்களுக்குப் பந்தல், பாத்திரம் விடும் வாடகைக் கடை போட்டேன். (ஓரிடத்தில் உட்காராதவன், ஊருக்கெல்லாம் நாற்காலி கொடுக்கும் தொழிலுக்கு வந்தேன்.) நாற்காலி முதுகிலும் அண்டா வயிற்றிலும் 'ராசு' என்று பெயிண்டில் எழுதி வைத்தேன்.

கொரோனா வந்தது. கல்யாணங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. ஒலிபெருக்கியை விற்று அரிசி வாங்கினோம். பந்தல் துணியை எலி தின்றது. ஊரடங்கு போன பிறகும், பந்தல் இல்லாதவனை யார் கூப்பிடுவார்கள்?

நொடித்த சிறு கடைகளுக்கு உள்ளாட்சியில் மானியம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பாராம். இது கைவிட்டுப் போனால் மறுபடி போர்வெல் லாரிதான். விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு சரி. மூளைதான் கோளாறு. நொடித்தவனுக்குத்தானே மானியம்? அப்படியானால் கடை எவ்வளவு காலியோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். அவர் வரும் அன்றைக்கே தங்கை கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். மிச்சமிருந்த நாற்காலி, அண்டா அத்தனையையும் என் செய்முறையாக அங்கே ஏற்றிவிட்டு, வெறும் சுவரோடும் தாடியோடும் ஆபீசருக்குக் காத்திருந்தேன்.

"கடையக் காட்டுறேன்னுட்டு கொட்டகையக் காட்டப் போறீங்களா?" என்றாள் என் மனைவி செல்வி.

"ஒனக்கு ஆபீஸ் விவகாரம் தெரியாது" என்றேன்.

தாமதமாக வந்த ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். "பொருள் எங்கங்க?"

"கொரோனாவுல எல்லாம் போச்சு சார்." குரலைக்கூட உடைத்துக் காட்டினேன்.

"அப்ப கடை மூடியாச்சுன்னு எழுதிக்கிறேன். நடக்குற கடையத் தூக்கிவிடத்தாங்க மானியம். காலி ரூமுக்குக் கிடையாது."

"ஐயோ சார், பொருள் இருக்கு!"

"இப்பத்தான் போச்சுன்னீங்க?"

"போயிருக்கு சார். தங்கச்சி வீட்டுக்கு."

அவர் யோசித்து முடிப்பதற்குள் என் மொபெட்டில் ஏற்றிவிட்டேன். ஊரின் அடுத்த கோடி வரை, பையை வயிற்றோடு அணைத்தபடி சாமி கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

அங்கே தாய்மாமனுக்காகக் காத்து அலுத்துப்போய், முதல் பந்தியைப் போட்டிருந்தார்கள். கவிதா ஓடிவந்தாள்.

"எங்கண்ணே போன? ஆசாரி கெளம்புறேங்கிறாரு. சட்டுன்னு வந்து உக்காரு!"

"நான் உக்கார்றது இருக்கட்டும் ஆத்தா. எல்லாரும் ஒரு நிமிசம் எந்திரிங்க!"

நாற்காலி முதுகில் பெயர். அதன் மேல் சொந்தக்காரர்களின் முதுகு. நான் வேறென்ன செய்வேன்? எச்சில் கையோடு ஒட்டுமொத்தப் பந்தியும் எழுந்து நின்றது.

தங்கை மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: "ஏப்பா, வாயில இருக்கிறத முழுங்கிக்கிரவா? இல்ல, அதையும் ஆபீசர் பாக்கணுமா?"

நாற்காலிகளைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அண்டாவில் கரி மூடியிருந்த பெயரைத் துடைக்க, விசேஷத்துக்கு வந்திருந்த போட்டோக்காரரையே அடுப்படிக்கு விரட்டினேன்.

"எல்லாம் சரி. ஓனரும் பேரும் ஒரே படத்துல வரணும்" என்றார் ஆபீசர்.

"என்னால இதுக்கு மேல நிக்க முடியாது" என்று ஆசாரி ஊசியோடு வந்தார்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு, குதிரையேறுவதுபோல் உட்கார்ந்தேன். ஒரு தொடையில் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. ஆபீசர் செல்போனில் படம் எடுத்தார்.

மானியம் வந்தது. புதுப் பந்தல் வாங்கினேன், கடை ஓடுகிறது. கவிதா என்னோடு பேசத்தான் நாளானது. காது குத்திய நேரத்தில் போட்டோக்காரர் அண்டா துடைத்துக்கொண்டிருந்ததால், அந்தப் படம் ஆபீசரிடம் மட்டும்தான் இருக்கிறது. "எங் காதுகுத்துப் போட்டோ கவர்மெண்டுகிட்ட இருக்கு" என்று மருமகள் இப்போது பள்ளிக்கூடத்தில் பெருமையடிக்கிறாள்.

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் நாற்காலி என்னுடையதுதான். பந்திக்கு வரும் ஒவ்வொருவரும் இலை முன்னால் நின்றுகொண்டு என்னைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்:

"ராசு, உக்காரலாமா? ஆபீசர் வந்துட்டுப் போயிட்டாரா?"