திருப்பி அனுப்பிய கொய்யாக் கூடை

மதிப்புக்குரிய சம்பந்தி முத்துக்கிருஷ்ணன் அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து பேச்சிமுத்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே என் வீட்டுக்காரி நாகஜோதி நலம். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் நலம். ஆயக்குடியில் நீங்களும், தோப்பும், மாப்பிள்ளையும், என் மகள் புவனேஸ்வரியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் இளைப்பு வந்துவிடுகிறது, நான் அழுவதாக நினைத்து நீங்கள் பதறுவீர்கள். அதனால்தான் காகிதம்.

போன மாதம் நீங்கள் ஆசையாக அனுப்பிய கொய்யாக் கூடையைப் பிரிக்காமல் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டேன். "பழத்தைத் திருப்புனவரு நாளைக்குப் பொண்ணையும் கூப்பிட்டுக்குவாருங்களா?" என்று நீங்கள் கேட்டதாக மகள் அழுதாள். தப்புத்தான், பெரிய தப்பு. ஆறு மாதமாக எனக்கு இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு விட்டால் விசில் சத்தம். நாகஜோதி, "வாராவாரம் இம்புட்டுக் கொய்யாவத் தின்னா சளி கட்டாம என்ன செய்யும்?" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சோறு போடும் மாவு மில்லைச் சந்தேகப்பட மனசு வருமா? கொய்யாவைச் சந்தேகப்பட்டேன்.

கூடை போயும் இளைப்பு போகவில்லை. டாக்டரம்மா, "லீவு நாள்ல எப்படி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன். பொங்கலுக்கு உங்கள் தோப்பில் நாலு நாள் தங்கி, நாளுக்கு ஆறு பழம் தின்று, ஒரு இருமல் இல்லாமல் தூங்கியிருக்கிறேன்! "கோதுமை மாவுத் தூசிதான் உங்களுக்கு ஆகல. மிஷின் பக்கம் போகாதீங்க, போனா நல்ல மாஸ்க் போடுங்க" என்றார். நானே ஒன்று தைத்துப் போட்டேன், இளைப்பு இரட்டிப்பானது. மிஷினில் மாவு விழும் வாயில் கட்டுவோமே, அந்தப் பழைய துணிக்குழாயை வெட்டித்தான் தைத்திருந்தேன். டாக்டரம்மா அதை உதறிப் பார்த்துவிட்டுத் தாமும் இரண்டு தும்மல் போட்டார்.

மில்காரர் பாஸ்கல் தங்கமான மனிதர். "அண்ணே, நீங்க வாசல்ல எடை போடுங்க, மிஷினை நான் பாத்துக்கிறேன்" என்றார். சரி என்றேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, சம்பந்தி. மாவை விரலில் தேய்த்துப் பதம் சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. மூச்சு போகுமா, வேலை போகுமா என்று கவலைப்படுகிற நேரத்தில், என் புத்தியால் மகளுக்குப் புகுந்த வீட்டில் தலைகுனிவு வந்துவிட்டதே என்பதுதான் அதிகம் வலிக்கிறது.

கொய்யா மேல் குற்றமில்லை. மன்னித்து இன்னொரு கூடை அனுப்பினால் கண்டக்டர் முன்னாலேயே தின்று காட்டுகிறேன். இனி மிஷின் பக்கம் போக மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், தோப்புக்கு நல்ல மழை.

இப்படிக்கு,
பேச்சிமுத்து

பி.கு.: காகிதத்தில் வெள்ளையாக உதிர்ந்தால் வெளியே போய் உதறிவிட்டுப் படிக்கவும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மேலே உள்ளதை எழுதி வைத்துவிட்டு மில்லுக்குப் போனால், பாஸ்கலுக்குத் துணிக்குழாய் கட்டத் தெரியவில்லை, செத்த நேரம்தான் மிஷினிடம் போனேன். வீட்டுக்கு வந்ததும் நெஞ்சு விசிலடிக்க, "என்னத்தத் தின்னீங்க?" என்று நாகஜோதி பிடித்துக்கொண்டாள். மிஷின் பக்கம் போனதைச் சொன்னால் அழுவாள். கொய்யா என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை மன்னிக்கவும்.